படைத்த சோறு வேண்டாம் என்கிறான் மகன்

கேள்வி: அக்கா, எங்களுக்கு ஊர் கிழக்கிலங்கையில் தம்பிலுவில். மட்டக்களப்பில் வேலை செய்யும் மூத்த மகன் ஒரு வருடமாக அங்கே ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போகிறான். வைகாசிக் குளிர்த்தித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்தவன் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வரவில்லை. நான் கொண்டுவந்த பொங்கலையும் "படைச்சது வேணாம்மா" என்று தள்ளிவிட்டான். சட்டி மூடினபடி விடியும்வரை அடுப்படியில் கிடந்தது. 'இனி இந்த வாசலை மிதிக்காதே' என்றுவிட்டார் தகப்பன். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.
- ஒரு தாய்

பதில்: தங்கச்சி, அந்தச் சட்டியை நினைத்து நானும் கலங்கினேன். விக்கிரகத்துக்குப் படைத்ததை விலக்கச் சொல்லி பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. புதிதாகப் போனவர்கள் அதை இறுக்கித்தான் பிடிப்பார்கள். அடுத்த வைகாசிக்கு அவனுக்கென்று வேறு சட்டியில், படைக்காமல், அதே அரிசியில் அதே சர்க்கரை போட்டு ஆக்கி வையுங்கள். அவன் சாப்பிடுவான்.

கும்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அம்மம்மாவைக் கோயில் வாசல்வரை மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள், அது போதும். ஆனால் வீட்டுக்குள் அம்மனைப் பேய், பிசாசு என்று அவன் வாய் திறந்தால் விடாதீர்கள். உங்கள் நம்பிக்கைக்கும் மரியாதை வேண்டும்.

தகப்பனுக்கு ஊர் என்ன சொல்லும், கோயிலில் குடிமுறை (வம்சப்படி வரும் உரிமை) என்னாகும் என்ற யோசனை இருக்கும். எங்கள் பக்கம் குடி தாய்வழி. அக்கரைப்பற்றில் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி இருக்கிறதே! மார்க்கம் வேறு, குடி முறை ஒன்று. உங்கள் மகன் எந்தச் சபையில் பாடினாலும் உங்கள் குடிதான், அதை யாராலும் அழிக்க முடியாது. இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். மதுரையை எரித்த கண்ணகியின் கோபத்தைக்கூடப் பாட்டுப் பாடித்தானே குளிர்விக்கிறோம்? அந்தத் திருவிழா நாளில் பிள்ளையை வாசலில் நிறுத்தியது சரியில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துக் குழந்தைகளும் செத்துப்போனார்களே, அதை நினைத்துத்தான் பதறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை மகனிடம் சொன்னீர்களா? இதுவரை அவன் காதில் விழுந்தது வீட்டுக் கோபம் மட்டும்தான். இந்த ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம் பார்த்து போன் எடுங்கள். "மனே, நீ திரும்பி வாற வரைக்கும் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லுங்கள். சபை பற்றி அன்றைக்கு ஒன்றும் கேட்க வேண்டாம்.