வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

சென்ற வாரம் நீங்கள் இருவரும் மகளோடு வந்திருந்தபோது, அம்மா கண் கலங்கியதைப் பார்த்து, "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன், ஐயா: மகளை அமெரிக்காவில் டேட்டா சயின்ஸ் படிக்க வைப்பதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். வற்புறுத்தும் தாய்மாமன் தவணை கட்ட வரமாட்டார். அவளுக்கோ அந்தப் படிப்பில் துளியும் ஈடுபாடு இல்லை.

அவள் கேட்பது ஐரோப்பியத் தொழில்நுட்ப வரலாறு. குறிப்பாக 15, 16-ஆம் நூற்றாண்டுச் சுரங்கங்களும் உலைகளும். "பழங்கதை சோறு போடுமா?" என்றீர்கள். அது உங்கள் பம்புப் பட்டறையின் கதையும்தான். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் பிறந்த மருத்துவர் கியோர்க் அக்ரிகோலா, சுரங்கத் தொழிலையும் உலோகங்களையும் பற்றி லத்தீனில் எழுதிய 'தே ரே மெட்டாலிக்கா' என்ற நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1556-இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சானது. அதன் ஆறாம் பாகத்தைப் பாருங்கள்: சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கும் உறிஞ்சு பம்புகள், சங்கிலியில் பந்து கோத்த பம்புகள், அவற்றை ஓட்டும் நீர்ச்சக்கரங்கள், காற்றனுப்பும் துருத்திகள், எல்லாம் மரச்செதுக்குப் படங்களோடு. பல கருவிகளுக்கு லத்தீனில் சொல்லே இல்லாததால் அவர் புதிதாகப் புனைந்தார். வெறும் லத்தீன் புலமை அதைப் படிக்கப் போதவில்லை. 1912-இல் ஆங்கிலத்தில் தந்தவர்கள் சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவரும், நிலவியல் படித்த அவர் மனைவி லூவும். தொழில் தெரிந்ததால்தான் அவர்களால் முடிந்தது. பம்பு வார்க்கும் கோவைப் பட்டறையில் வளர்ந்து, மெக்கானிக்கல் முடிக்கப்போகும் பெண்ணுக்கும் அந்தத் தகுதி இருக்கிறது. நான் அந்தப் படத்தைக் காட்டியதும் வால்வு எங்கே என்று விரல் வைத்தாளே!

அக்ரிகோலாவின் சாக்சனியிலேயே, 1765-இல் தொடங்கிய ஃப்ரைபெர்க் சுரங்கப் பல்கலைக்கழகத்தில், தொழில்நுட்ப வரலாற்றுக்கும் தொழில்துறைத் தொல்லியலுக்கும் தனித்துறை இருக்கிறது. பொறியியல் பட்டத்தை ஏற்பார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.

செலவில் நான் கண்டிப்பானவன். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இடத்துக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். விசாவுக்கு ஓராண்டுச் செலவாக ஏறத்தாழ 12,000 யூரோ வங்கியில் காட்ட வேண்டும். அதைச் சேமிப்பிலிருந்து திரட்ட முடியாவிட்டால் ஓராண்டு பொறுங்கள். அவள் வேலைக்குப் போய்ச் சேர்க்கட்டும். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு என்பதையும் மறைக்கமாட்டேன். அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், பழைய ஆலைகளின் பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்தே அவள் வேலை தேட வேண்டும்.

இந்த ஓராண்டில் ஜெர்மன் மொழியைச் சரளமாகக் கற்க வேண்டும். லத்தீன் இலக்கணத்தையும் தொடங்க வேண்டும். ஹூவர் தம்பதியின் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆறாம் பாகத்திலிருந்து ஒரு பம்பை எடுத்து, உங்கள் பட்டறையில் சிறிய மாதிரி செய்து, எங்கே ஒழுகுகிறது என்று பத்துப் பக்கம் எழுதட்டும். பாதியில் சலித்தால் அவளே சொல்வாள். அப்போது வேறு வழி பார்ப்போம்.

அடுத்த முறை அவளைத் தனியாக அனுப்புங்கள்.