‘அனுப்பியாச்சு’ என்று எழுதுமுன்: மாணவர் ப்ரோகிராம் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெலிகிராம் பாட் (டெலிகிராமில் தானாக மெசேஜ் அனுப்பி, பதிலும் சொல்லும் ப்ரோகிராம்) பற்றியவை. எல்லாமே டெர்மினலில் (கமாண்ட் தட்டும் திரையில்) ஓடும் சின்னச் சின்ன பைத்தான் ப்ரோகிராம்கள். கோட் அனுப்பியவர்களுக்கு அதை வரிவரியாகப் படித்த பிறகே பதில் எழுதுகிறேன்.

தோவாளையில் பூ வாங்கும் 60 பேருக்கு தினமும் விலை அனுப்புகிறேன். ஒருவருக்கும் போகவில்லை. பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது. (ஆரல்வாய்மொழி மாணவர்)

பட்டியலில் இருப்பவை போன் நம்பர்கள். பாட்டுக்கு வேண்டியது சாட் ஐடி, அதாவது ஒவ்வொரு உரையாடலுக்கும் டெலிகிராம் தரும் எண். ஒருவர் உங்கள் பாட்டைத் திறந்து ஸ்டார்ட் அழுத்திய பிறகுதான் அவருடைய சாட் ஐடி உங்களுக்குக் கிடைக்கும். பாட் தானாகப் போய் யாரிடமும் பேச்சைத் தொடங்க முடியாது. சந்தைக்குப் போய் அறுபது பேரையும் ஒருமுறை ஸ்டார்ட் அழுத்த வையுங்கள். அதன் பிறகும் ஒருவருக்கு 403 (‘அனுமதியில்லை’ என்ற எரர்) வந்தால், பெரும்பாலும் அவர் பாட்டை பிளாக் செய்துவிட்டார் என்று பொருள். அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள்.

பாட்டின் டோக்கனை (அதை இயக்கும் ரகசியச் சாவியை) கமாண்டோடு சேர்த்துக் கொடுக்கும்படி எழுதியிருக்கிறேன். கோடுக்குள் வைப்பதைவிட இது பாதுகாப்புதானே? (நாகர்கோவில்)

கோடுக்குள் வைப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நீங்கள் தட்டிய கமாண்ட் ஷெல்லின் ஹிஸ்டரியில் அப்படியே தங்கும். லேப்பில் ஒரே சர்வரைப் பலர் பயன்படுத்தினால், ஓடும் ப்ராசஸ் பட்டியலைப் பார்க்கிற யாருக்கும் டோக்கன் தெரியும். என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே சிஸ்டம் வைத்திருக்கும் மதிப்பில்) வையுங்கள், அல்லது நீங்கள் மட்டும் படிக்கக்கூடிய ஒரு ஃபைலில் வைத்து, அந்த ஃபைலை கிட் (கோட் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) கண்ணில் படாமல் ஒதுக்குங்கள்.

ஒருமுறை கிட்ஹப்பில் (கோடைப் பகிரும் தளத்தில்) ஏறிய டோக்கனை அடுத்த கமிட்டில் (சேமிப்பில்) அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் இருக்கும். பாட்ஃபாதரிடம் (டோக்கன் தரும் டெலிகிராமின் சொந்த பாட்டிடம்) ரிவோக் (ரத்து) செய்து புதிது வாங்குவது ஒன்றே வழி. இன்னொன்று: டெலிகிராமில் டோக்கன் யூஆர்எல்லுக்குள்ளேயே இருக்கிறது. நெட் அறுந்தால் பைத்தான் காட்டும் எரர் மெசேஜில் அந்த யூஆர்எல் முழுதாக வரும். அதை போட்டோ பிடித்து குரூப்பில் போடுமுன் டோக்கனை மறையுங்கள்.

என் ப்ரோகிராம் வேலை செய்யவில்லை. சரி செய்து அனுப்பவும். நாளை ரிவ்யூ. (பெயர், ஊர் இல்லை)

எந்த கமாண்ட் கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள்? இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

குளச்சல் பகுதியில் 200 பேருக்குக் கடல் எச்சரிக்கையை அனுப்பும் ப்ரோகிராம் எழுதியிருக்கிறேன். கடைசியில் ‘எல்லோருக்கும் அனுப்பியாச்சு’ என்று காட்டும். எக்ஸிட் கோட் (முடியும்போது ப்ரோகிராம் திருப்பித் தரும் எண்; 0 என்றால் வெற்றி) எப்போதும் 0 வருவதாக மேடம் மதிப்பெண் குறைத்துவிட்டார். அது அவ்வளவு பெரிய தவறா? (குளச்சல் மாணவி)

பெரிய தவறுதான் மகளே. உங்கள் மேடம் சரியாகச் செய்திருக்கிறார்.

உங்கள் லூப்பைப் பார்த்தேன். ட்ரை-எக்ஸப்டுக்குள் மெசேஜை அனுப்புகிறீர்கள். எக்ஸப்டில் வெறும் பாஸ், அதாவது எரர் வந்தால் பேசாமல் விட்டுவிடுகிறீர்கள். அதைவிட மோசம், சர்வர் தந்த பதிலை எந்த வரியிலும் பார்க்கவில்லை. மெசேஜ் அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, 403 வந்தாலும் 429 (‘அளவுக்கு மேல் அனுப்புகிறீர்கள்’ என்ற எரர்) வந்தாலும் தானாக எக்ஸப்ஷன் எழுப்பாது. நீங்கள் கேட்டால்தான் சொல்லும். ஆக 200 பேரில் ஒருவருக்குக்கூடப் போகாவிட்டாலும் உங்கள் திரையில் ‘எல்லோருக்கும் அனுப்பியாச்சு’ என்றுதான் வரும்.

இதே தவறைப் பல வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், சாவி காலாவதியான பிறகும் வாரக்கணக்கில் ‘வெற்றி’ என்று லாக் எழுதிக்கொண்டிருந்தது ஒரு ப்ரோகிராம். எதிர்முனையில் ஒருவர் நேரில் வந்து கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்று போகாதது பில் நினைவூட்டல். உங்களுடையது கடல் எச்சரிக்கை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நம் குமரி மாவட்டத்துப் படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் எத்தனை வீடுகளில் போனவர்கள் திரும்பவில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கரையில் உட்கார்ந்து எச்சரிக்கை ப்ரோகிராம் எழுதுகிறவர் ‘அனுப்பியாச்சு’ என்ற சொல்லை எண்ணித்தான் எழுத வேண்டும்.

சர்வர் தரும் ஒவ்வொரு பதிலிலும் ‘ஓகே’ என்ற மதிப்பு உண்மையா என்று பாருங்கள். போகாதவர்களின் ஐடியையும் காரணத்தையும் தனி ஃபைலில் எழுதுங்கள். முடிவில் ‘200-ல் 188 ஏற்கப்பட்டது, 12 தோல்வி’ என்று காட்டுங்கள். எரர்களை ஸ்டான்டர்ட் எரருக்கு (எரருக்கென்றே உள்ள தனி வெளியீட்டுக்கு) அனுப்புங்கள். ஒன்று தவறினாலும் எக்ஸிட் கோட் 0 ஆகக் கூடாது. வேறு ஸ்க்ரிப்ட் உங்கள் ப்ரோகிராமை இயக்கினால், வெற்றியா தோல்வியா என்று அது பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

‘ஏற்கப்பட்டது’ என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். ஓகே வந்தால் டெலிகிராம் சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். அவர் படித்தாரா என்பது பாட்டுக்குத் தெரியாது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் செல்போன் சிக்னலும் கிடையாது. ஆழ்கடலுக்கு செயற்கைக்கோள் வழிதான் வேண்டும். 2019-ல் அறிமுகமான ஜெமினி கருவி அதற்காகத்தான். உங்கள் பாட் கரையில் இருப்பவர்களுக்கு, கடலுக்குக் கிளம்புமுன் பார்ப்பவர்களுக்கு. அதைத் திரையிலேயே எழுதிவையுங்கள். வானிலைத் துறை தரும் வாசகத்தைச் சுருக்காமல், மாற்றாமல் அனுப்புங்கள்.

429 வந்தால் உடனே மறுபடி அனுப்புகிறேன். இன்னும் மோசமாகிறது. (தக்கலை)

ஆகத்தான் செய்யும். எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று அந்தப் பதிலுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. படித்து, அத்தனை நொடி நில்லுங்கள். ஒரு சாட்டுக்கு நொடிக்கு ஒன்று, மொத்தமாக நொடிக்கு முப்பதுக்குள், குரூப்பானால் நிமிடத்துக்கு இருபது என்று வைத்துக்கொண்டால் 429 வருவதே அபூர்வம்.

நீளமான தமிழ் மெசேஜை 4,000 எழுத்துக்கு ஒன்றாக வெட்டுகிறேன். சில துண்டுகள் புள்ளிவட்டத்தோடு தொடங்குகின்றன. (மார்த்தாண்டம்)

வரம்பு நாலாயிரத்துச் சொச்சம், அது சரி. வெட்டிய இடம்தான் தவறு. ‘கொ’ நமக்கு ஓர் எழுத்து, பைத்தானுக்கு இரண்டு. ‘ஸ்ரீ’ நான்கு. நடுவில் கத்தி விழுந்தால் உயிர்க்குறி தனியே தொங்கும். 4,000-லிருந்து பின்னோக்கி வந்து, கிடைக்கும் முதல் வரிமுடிவிலோ இடைவெளியிலோ வெட்டுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஆங்கிலத்தில் 160 கொள்ளும் இடத்தில் தமிழ் 70-தான் கொள்ளும். நீண்டு துண்டானால் துண்டுக்கு 67.

ரப்பர் ஷீட் விலை பாட். இரவு ஓடவிட்டால் காலையில் எரர் எதுவும் இல்லாமல் உறைந்து நிற்கிறது. (குலசேகரம்)

டைம்அவுட் (எத்தனை நொடி காத்திருந்து கைவிடுவது என்ற வரம்பு) போடவில்லை. ரிக்வெஸ்ட்ஸ் தானாகப் போடாது. நெட் பாதியில் போனால் அப்படியே காத்துக்கிடக்கும். லாங் போலிங்குக்கு (புது மெசேஜ் வருமா என்று சர்வரிடம் காத்திருப்பதற்கு) 30 நொடி கொடுத்திருக்கிறீர்கள், டைம்அவுட் அதைவிடக் கூடுதலாக, 40 வையுங்கள்.

ஒரே மெசேஜுக்கு பாட் திரும்பத் திரும்பப் பதில் சொல்கிறது. (இரணியல்)

ஆஃப்செட்டில் (எந்த அப்டேட்டிலிருந்து வேண்டும் என்று சர்வரிடம் சொல்லும் எண்ணில்) கடைசி அப்டேட் ஐடியோடு ஒன்று கூட்டவில்லை. அதனால் பழைய மெசேஜே மறுபடி வருகிறது.

நண்பனும் நானும் ஆளுக்கொரு லேப்டாப்பில் ஓட்டினால் 409 (மோதல்) எரர் வருகிறது. கோடையும் டோக்கனையும் கீழே ஒட்டியிருக்கிறேன், பார்த்துச் சொல்லவும். (கருங்கல்)

ஒரு டோக்கனுக்கு ஒரே நேரத்தில் ஒருவர்தான் அப்டேட் வாங்கலாம். டெஸ்ட் செய்ய நண்பருக்குத் தனி பாட் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் ஒட்டிய டோக்கன் இப்போது என் கையில் இருக்கிறது. இதைப் படித்ததும் முதல் வேலையாக ரிவோக் செய்யுங்கள். கோடைப் பற்றி அதன் பிறகு எழுதுங்கள், டோக்கன் இல்லாமல்.