குடிலை ஒரே இரவில் கட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு ஆறு வயதில் மகன், நான்கு வயதில் மகள். கிறிஸ்துமஸ் என்றாலே இருவருக்கும் புது உடுப்பும் கேக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா தரும் பரிசும்தான். போன வருடம் 24 பெட்டிகள் செய்து தினம் ஒரு வசனமும் ஒரு மிட்டாயும் வைத்தேன். பாதியிலேயே மிட்டாய்க்குச் சண்டை வந்துவிட்டது. இருபது நிமிடக் குடும்ப ஜெபத்தில் நெளிகிறார்கள். இயேசுவின் பிறப்பு மனதில் பதிய வீட்டில் என்ன செய்யலாம்?

வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரி,

பெட்டிகளை இந்த வருடம் விட்டுவிடுங்கள். தினமும் கைக்கு ஒன்று கிடைத்துவிட்டால் பிறகு எதற்காகக் காத்திருப்பது? கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலமே காத்திருப்புதான். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லி விளக்க முடியாது, காட்ட முடியும். இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடில் அதற்குத்தான். 23-ஆம் தேதி இரவு பெரியவர்கள் அவசரமாகக் கட்டி முடிக்காமல், நான்கு ஞாயிறுகளில் பிள்ளைகள் கையால் வளரட்டும். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்ததில்கூட வைக்கோல் போட்ட தீவனத்தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் முக்கியம்.

நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று மணல் பரப்பி, வெறும் தொழுவத்தையும் காலித் தொட்டியையும் வையுங்கள். அடுத்த ஞாயிறு ஆடு மாடுகள். மூன்றாம் ஞாயிறை ஒட்டி, கீழே சொல்லும் புல். நான்காம் ஞாயிறு மரியாளும் யோசேப்பும் அறையின் மறுகோடியிலிருந்து கிளம்பட்டும். குழந்தை இயேசுவின் சுரூபத்தை ஒளித்து வைத்து, 24 இரவு பூசை முடிந்து வந்ததும் மகள் கையால் கிடத்தச் சொல்லுங்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம், விடிந்ததும் செய்யலாம். சுண்ணாம்புச் சுரூபங்கள் இந்தக் கைகளில் உடையும். காகிதக்கூழ் பொம்மைகளோ மரப்பொம்மைகளோ போதும்.

குடிலின் புல்லுக்குக் கேழ்வரகு. டிசம்பர் 14 வாக்கில் ஒரு கைப்பிடியை இரவு ஊறவைத்து, ஒரு நாள் துணியில் கட்டிவைத்து, அடியில் துளையுள்ள தட்டில் ஓர் அங்குல மண்மேல் நெருக்கமாகத் தூவுங்கள். முளை தெரியும்வரை மூடி, பிறகு வெளிச்சத்தில் வைத்து நீர் தெளிக்க வேண்டும். மாத ஆரம்பத்திலேயே விதைத்தால் பண்டிகைக்குள் மஞ்சளாகிச் சாயும். துளையில்லாத தட்டில் மழைக்கால ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும்.

தொட்டிக்கு வைக்கோல் சேர்ப்பதில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல் என்பது நல்ல பழக்கம். ஆனால் அண்ணனுக்கு எத்தனை, தங்கைக்கு எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் அது மார்க் ஷீட் ஆகிவிடும். குறும்புக்குத் தண்டனையாக ஒரு வைக்கோலை எடுப்பது இன்னும் மோசம். தன்னால் இயேசு குளிரில் கிடப்பார் என்று அந்தப் பிள்ளை அப்படியே நம்பும். எனவே ஒரே தொட்டி, எண்ணிக்கை கிடையாது, பெரியவர்களும் போட வேண்டும். "அப்பா இன்று உன்னிடம் கத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன் அல்லவா, அதற்கு" என்று அப்பா சொல்லிப் போடட்டும். 24 மாலைக்குள் தொட்டியை நிரப்புவது உங்கள் பொறுப்பு.

ஜெபத்தை ஐந்து நிமிடமாகக் குறையுங்கள். விளக்கை அணைத்து, ஈர மணல் நிரப்பிய தாம்பாளத்தில் முதல் வாரம் ஒரு மெழுகுவர்த்தி, இரண்டாம் வாரம் இரண்டு என்று நான்குவரை ஏற்றுங்கள். மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஜா நிறம். வாரம் முழுக்க ஒரே வாசகம் போதும்: எசாயா 9:2, மீக்கா 5:2, லூக்கா 1:26-38, லூக்கா 2:1-5. திரும்பத் திரும்பக் கேட்டால்தான் சின்னவளும் கூடவே சொல்வாள். தாம்பாளம் வைக்கோலுக்கும் காய்ந்த சவுக்குக் கிளைகளுக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். டிசம்பர் 6, அந்தத் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலாசின் திருநாள்; அவர் இன்றைய துருக்கியில் இருந்த மீரா என்ற நகரின் ஆயர். ஏழைகளுக்கு மறைவாகக் கொடுத்தவர் என்று சொல்லி, சிறு பரிசை அன்றே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளும் தங்கள் பொம்மை ஒன்றை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கட்டும். நல்ல நிலையில் உள்ளதைத்தான் கொடுக்க வேண்டும், உடைந்ததை அல்ல.

26-ஆம் தேதியே குடிலைக் கலைத்துவிடாதீர்கள். மூன்று ராஜாக்களை அன்றுதான் வாசல்படியிலிருந்து கிளப்ப வேண்டும். தினம் ஒரு முழம் நகர்த்தினால் மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-க்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள்.