கண்டனத் தீர்மானத்தால் என்ன பயன்?

ஐயா, வணக்கம். 2022இல் அப்போதைய ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்சவுக்கு எதிராக இலங்கை நாடாளுமன்றத்தில் வந்த அதிருப்திப் பிரேரணை, அதாவது கண்டனத் தீர்மானம் பற்றி எழுதியிருந்தீர்கள். அது நிறைவேறியிருந்தாலும் பதவி போயிருக்காதே? அப்புறம் எதற்கு அது? வெறும் பேச்சுதானே?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

பதவி போயிருக்காது, சரிதான். ஜனாதிபதியை நீக்க அங்கே வேறு வழி: மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், உச்ச நீதிமன்ற விசாரணையும் வேண்டும். ஆனால் வெறும் பேச்சு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1834 மார்ச்சில் அமெரிக்க செனட் தன் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்தது. ஆதரவு 26, எதிர்ப்பு 20. அரசுப் பணத்தை அமெரிக்க வங்கியிலிருந்து எடுக்க வைத்ததில் அதிகாரத்தை மீறினார் என்பது குற்றச்சாட்டு. பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவரால் அதைத் தாங்க முடியவில்லை. நீளமாக மறுப்பு எழுதி அனுப்பினார். சபை அதைத் தன் பதிவேட்டில் ஏற்ற மறுத்துவிட்டது. அவருடைய ஆட்கள் விடாமல் போராடினார்கள். சபையில் பெரும்பான்மை கிடைத்ததும், 1837 ஜனவரி 16 அன்று, அந்தப் பழைய பதிவேட்டையே கொண்டுவரச் செய்து, தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டு, 'செனட் உத்தரவுப்படி நீக்கப்பட்டது' என்று எழுத வைத்தார்கள். வெறும் பேச்சுக்கா இத்தனை பாடு?

நம் கரைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஊர்க்கூட்டத்தில் போட்ட அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாளே கடலுக்குப் போய்விடலாம். ஆனால் இன்னார் இன்ன தப்பைச் செய்தார் என்று ஊர் நோட்டில் ஏறிவிட்டால் அது வேறு. கட்டிய பணத்தை மறந்துவிட்டு, பேரை மட்டும் அடித்துவிடச் சொல்லி வருடக்கணக்கில் நடந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

இலங்கைக்கு வருவோம். அந்த 2022 மார்ச்சிலேயே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து படகேறியவர்கள் தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கத்து மணல்திட்டுகளில் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அரிசி வாங்க முடியவில்லை என்றார்கள். மே 17 அன்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. சுமந்திரன் அந்தப் பிரேரணையை உடனே விவாதிக்க அனுமதி கேட்டார். 68 பேர் சரி என்றார்கள், 119 பேர் வேண்டாம் என்றார்கள். விவாதிக்கவே விடவில்லை! ஜூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 14ஆம் தேதி கோத்தபாயவின் ராஜினாமா சிங்கப்பூரிலிருந்து வந்தது.

அவர் போனார். ஆனால் என்ன தவறுக்காகப் போனார் என்று அந்தச் சபை எழுதி வைக்கவில்லை. பொருளாதாரச் சீரழிவுக்கு அவரும் அவருடைய சகோதரர்களும் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. மணல்திட்டில் இறங்கியவர்களுக்கு அந்த வரியை அவர்களுடைய நாடாளுமன்றமே, அந்த மே மாதமே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.