ஹெக்சேன் என்ற கரைப்பான் எதனுடனும் எளிதில் வினைபுரியாதாமே, பிறகு ஏன் அதைக் கையாள இவ்வளவு பயப்படுகிறார்கள்?

பாடப்புத்தகத்தில் இருப்பது சரிதான். ஆறு கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், எல்லாமே ஒற்றைப் பிணைப்பு. நீர்த்த அமிலம், காரம் எதை ஊற்றினாலும் அசைந்து கொடுக்காது. கொஞ்சம் புரோமின் சொட்டி இருட்டில் வைத்தால் செம்பழுப்பு நிறம் அப்படியே நிற்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால்தான் மெல்ல வெளுக்கும். இப்படி ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன்களான ஆல்கேன்களுக்குப் பாரஃபின் என்ற பழைய பெயர் வந்ததே ‘ஒட்டுதல் குறைவு’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்துதான்.

ஆனால் சிலிக்கா ‘காலம்’ (கலவைகளைப் பிரிக்கும் சிலிக்கா நிரப்பிய குழாய்) ஓட்டியே காலத்தை ஓட்டுகிற என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது அதன் ஆவிக்கு. கொதிநிலை சுமார் 69 டிகிரி செல்சியஸ்தான். வாஷ் பாட்டிலில் (அழுத்தினால் மூக்கு வழியே திரவம் பீச்சும் பிளாஸ்டிக் குப்பி) ஊற்றி மூடி வைத்துப் பாருங்கள், யாரும் அழுத்தாமலே மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே சேரும் ஆவி திரவத்தை வெளியே தள்ளுகிற வேலை அது.

இந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் மேசையோடு மேசையாகத் தவழும். காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் குறைந்தபட்ச வெப்பநிலை, −22 டிகிரி அளவில் இருப்பதால் வீட்டு ஃப்ரீசரின் −18 டிகிரி குளிர்கூட அதற்குப் பாதுகாப்பு இல்லை. மாணவனாக இருந்தபோது ஒரு பிளாஸ்கை ஹெக்சேன் விட்டு அலசிக்கொண்டிருந்தேன். மூன்றடி தள்ளி ஒரு ஹாட் பிளேட். அங்கிருந்து தீ மேசைமேல் ஓடிவந்து பிளாஸ்க் வாயில் உட்கார்ந்தது. நான் மரம் மாதிரி நின்றேன். பக்கத்திலிருந்த சீனியர் ஒரு கண்ணாடித் தட்டை எடுத்துக் கவிழ்த்தார், அணைந்தது.

ஹெக்சேன் தண்ணீரோடு சேராது, அடர்த்தி 0.66 என்பதால் மேலே மிதக்கும். பிரிபுனலில் (ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கும் புனல்) எது எந்த அடுக்கு என்று குழம்பினால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். வேண்டிய அடுக்கைத் தொட்டியில் கொட்டிவிட்டு முழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். (நானும் ஒருமுறை.)

இன்னொன்று, குடுவையில் சும்மா கிடப்பது உடம்புக்குள் சும்மா இருப்பதில்லை. மூச்சில் போன நேர்ச்சங்கிலி ஹெக்சேனைக் கல்லீரல் ஆக்சிஜனேற்றம் செய்து 2,5-ஹெக்சேன்டையோன் ஆக்குகிறது. அதிலுள்ள இரண்டு கீட்டோன் தொகுதிகளுக்கு (C=O) இடையே உள்ள இடைவெளி நரம்புப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளத் தோதாக அமைந்துவிட்டது. காற்றோட்டம் இல்லாத அறையில் மாதக்கணக்கில் பசை, கரைப்பானோடு வேலை செய்தவர்களுக்குக் கால் விரல்களில் தொடங்கும் மரமரப்பு இதனால்தான்.

ஒரே ஒரு கார்பன் கூடுதலான ஹெப்டேனிடம் இந்தத் தொல்லை மிகக் குறைவு, கரைக்கும் திறன் ஏறக்குறைய அதேதான். என் மேசையில் இப்போது பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. கொதிநிலை 98 டிகிரி என்பதால் ஆவியாக்கி எடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.