கால்நடைச் செவிலிய மாணவர்கள் கேட்ட கலைச்சொற் கேள்விகள்

கேள்வி: அறுவைச் சிகிச்சைப் பெயர்களில் வரும் ஆட்டமி, ஆஸ்டமி, எக்டமி ஆகிய பின்னொட்டுகள் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: ஆட்டமி கீறித் திறப்பதையும், ஆஸ்டமி திறந்த வாயை நிலையாக அமைத்துவிடுவதையும், எக்டமி உறுப்பையே அகற்றுவதையும் குறிக்கும். நெகிழிப் பை தின்ற மாட்டுக்குச் செய்யும் ரூமினாட்டமியில் முதல் இரைப்பையைத் திறந்து, உள்ளே கிடப்பதை எடுத்துவிட்டுத் தைத்துவிடுகிறோம். பெட்டை நாய்க்குச் செய்யும் ஓவரியோஹிஸ்டரெக்டமியில் சூலகங்களும் கருப்பையும் நீங்குகின்றன. கடுவன் பூனைக்குச் சிறுநீர்வழி மீண்டும் மீண்டும் அடைத்துக்கொண்டால் செய்யும் யூரித்ராஸ்டமிக்கும், கல்லை எடுத்தபின் மூடிவிடும் யூரித்ராட்டமிக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்றாலும், ஒப்புதல் படிவத்தில் அது மாறினால் உரிமையாளர் வேறொரு அறுவைக்குக் கையொப்பமிட்டவராகிவிடுவார். சொல்லைச் சுருக்காமல் முழுமையாக எழுதுங்கள்.

கேள்வி: ஆன்டீரியர் (முன்பக்கம்), போஸ்டீரியர் (பின்பக்கம்) என்று எழுதினால் மதிப்பெண் குறைகிறது. ஏன்?

பதில்: அவை நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு வகுத்தவை. நாற்கால் விலங்கின் உடலில் தலைப்பக்கம் கிரேனியல், வால்பக்கம் காடல்.

கேள்வி: கன்று ஈன்ற மறுநாள் படுத்துவிட்ட பசுவுக்கு மருத்துவர் 'மில்க் ஃபீவர்' (பால் காய்ச்சல்) என்று எழுதினார். ஆனால் காய்ச்சல் மருந்து தரவில்லையே?

பதில்: காய்ச்சலே இல்லாதபோது எதற்கு மருந்து? பசுவின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். இந்நோயில் அது பெரும்பாலும் அதற்கும் கீழே இறங்கி, காது சில்லிட்டிருக்கும். சீம்பால் சுரக்கத் தொடங்கியதும் எலும்பும் குடலும் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் இரத்தத்திலுள்ள கால்சியம் மடிக்குப் போய்விடுவதால் தசைகள் தளர்கின்றன, இதுவே ஹைப்போகால்சீமியா. மருத்துவர் கால்சியம் போரோகுளுக்கோனேட்டை இரத்தக் குழாயில் (சிரையில்) மெதுவாக ஏற்றியபடி இதயத் துடிப்பையும் கவனித்துக்கொண்டிருப்பார், ஏனெனில் விரைந்து ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். நீங்கள் பசுவை நெஞ்சின்மேல் அமர்ந்த நிலையில் முட்டுக்கொடுத்து வையுங்கள். விழுங்கும் திறன் குன்றியிருப்பதால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மறுப்பு: பொய்யான அந்தப் பெயரை ஒழித்துவிடலாமே?

மற்றொருவர்: மாடு வளர்ப்பவரிடம் ஹைப்போகால்சீமியா என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

பதில்: இருவரும் வெவ்வேறு காகிதங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். மாட்டுக்காரரிடம் அவர் அறிந்த பெயரைச் சொல்லுங்கள். நோயாளிக் குறிப்பேட்டை அடுத்து வருபவர் படித்துச் செயற்படுவதால் அதில் துல்லியமான பெயரே வேண்டும். ஹைப்போ குறைவு, ஹைப்பர் மிகுதி. தொலைபேசியில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்பதால் 'கால்சியம் குறைவு' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கடுமையான மடிநோயிலும் ஈன்ற பசு சில்லிட்டுப் படுத்துவிடும் என்பதால், எந்தப் பெயரை எழுதுவதற்கு முன்பும் மடியைத் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: எல்லாச் சொற்களுக்கும் ஒரே பட்டியல் கிடைக்குமா?

பதில்: மீண்டும் இதே கேள்வி. கிடைத்தாலும் மனப்பாடம் நிற்காது. முதல் பதிலில் செய்ததுபோல் பின்னொட்டிலிருந்து பிரித்துப் படியுங்கள்.

கேள்வி: மருந்துச் சீட்டில் 'ஓ.டி.' என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். நம் மருந்துச் சீட்டில் அது நாளுக்கு ஒருமுறை, கண் மருத்துவக் குறிப்பிலோ வலக்கண். முழுமையாக எழுதுங்கள் என்பதை இன்னும் எத்தனை முறை சொல்வது?

கேள்வி: என் நாய் வாந்தி எடுக்கிறது. என்ன மருந்து?

பதில்: மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: அடைப்பானும் தொண்டை அடைப்பானும் ஒன்றா?

பதில்: இல்லை. முன்னது ஆந்த்ராக்ஸ்; பின்னது பாஸ்டுரெல்லா கிருமியால் வரும் ஹெமரேஜிக் செப்டிசீமியா. மாடு திடீரென இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் வடிந்திருந்தால் ஆந்த்ராக்ஸை ஐயுற்று, மருத்துவர் வரும்வரை யாரையும் நெருங்கவிடாதீர்கள். உடலை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும், மனிதருக்கும் தொற்றும்.