என்வலப், டிராஜெக்டரி: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

சார், என்வலப் சூத்திரம் மனப்பாடமாக இருக்கிறது. ஆனால் படம் மனதில் வரவில்லை.

ஒரு கிராஃப் தாளும் ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் அச்சில் 1, ஒய் அச்சில் 9, இரண்டையும் கோட்டால் சேருங்கள். அடுத்து 2-ஐயும் 8-ஐயும், 3-ஐயும் 7-ஐயும், இப்படியே 9-ஐயும் 1-ஐயும் சேர்ப்பது வரை. போட்டது எல்லாம் நேர்கோடுதான். ஆனால் தாளில் ஒரு வளைவு தெரியும். அது ஒரு பரவளையத்தின் துண்டு. ஒவ்வொரு கோடும் அதை ஓரிடத்தில் தொட்டுவிட்டுப் போகிறது. அந்த வளைவுதான் என்வலப்.

இப்போது 4–6 கோட்டை மட்டும் கவனியுங்கள். பக்கத்துக் கோடான 5–5 அதை (2, 3)-இல் வெட்டுகிறது. இன்னும் நெருக்கமாக 4.1–5.9 கோட்டைப் போட்டால் (1.64, 3.54)-இல் வெட்டும். நெருங்க நெருங்க வெட்டும் புள்ளி (1.6, 3.6)-க்குப் போய்ச் சேரும். 4–6 கோடு வளைவைத் தொடுவது சரியாக அங்கேதான். துணையலகைப் (கோட்டுக்குக் கோடு மாறும் எண்) பொறுத்துப் பகுதி வகைக்கெழு எடுத்துப் பூஜ்யமாக்குகிறோமே, அதன் அர்த்தம் இதுதான்: மிக அருகில் இருக்கும் இரண்டு கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்று கேட்கிறோம்.

சுவரில் சாய்த்த ஏணி சரியும் கணக்கும் இதேதானா? எனக்கு வட்டம் வருகிறது.

இதே இல்லை. கிராஃப் தாளில் வெட்டுத்துண்டுகளின் (கோடு இரண்டு அச்சுகளிலும் வெட்டும் தூரங்கள்) கூட்டல் மாறாது. இங்கே ஏணியின் நீளம் மாறாது. உங்களுக்கு வந்த வட்டம் ஏணியின் நடுப்புள்ளி போகும் பாதை. ஏணி 5 மீட்டர் என்றால் சுவர் மூலையை மையமாகக் கொண்டு 2.5 மீட்டர் ஆரம். என்வலப் வேறு, அது ஆஸ்ட்ராய்டு (நான்கு முனை கொண்ட நட்சத்திர வடிவ வளைவு). ஏணி 45 டிகிரியில் நிற்கும்போது மட்டும் தொடும் புள்ளியும் நடுப்புள்ளியும் ஒன்றாகிவிடும். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

(ஒய் − சி)² = எக்ஸ்³ என்ற குடும்பத்துக்கு (சி-இன் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வளைவரை) என்வலப் எக்ஸ் = 0 என்று எழுதினேன். மார்க் போடவில்லை.

போடாதது சரிதான். வகைக்கெழு எடுத்து சி-ஐ நீக்கியதில் தப்பில்லை. ஆனால் கிடைத்தது என்வலப் ஆகலாம், வளைவரைகளின் கூர்முனைகள் வரிசையாக நிற்கும் கோடாகவும் இருக்கலாம். இங்கே இரண்டாவது. முனையில் வளைவரை படுக்கையாகப் போகிறது. ஒய் அச்சு செங்குத்தாக நிற்கிறது. தொடவே இல்லை. அடுக்கை 3-க்குப் பதில் 1 ஆக்கினால் அதே எக்ஸ் = 0 உண்மையான என்வலப். அதனால் விடை வந்ததும் ஒரு வளைவரையாவது வரைந்து, தொடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் வற்புறுத்துகிறேன்.

ஒய் = சி எக்ஸ்² குடும்பத்தைச் செங்குத்தாக வெட்டும் வளைவரைகள், அதாவது டிராஜெக்டரிகள், கேட்டார்கள். எனக்கு லாக் வந்தது.

சி-ஐ நீக்காமலே சாய்வைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். சி ஒவ்வொரு பரவளையத்துக்கும் வேறு. அதை மாறிலியாக வைத்துத் தொகையிடக் கூடாது. முதலில் நீக்கினால் சாய்வு 2ஒய்/எக்ஸ். அப்புறம் தலைகீழாக்கிக் குறி மாற்றினால் −எக்ஸ்/2ஒய். தொகையிட்டால் எக்ஸ்² + 2ஒய்² = மாறிலி, நீள்வட்டங்கள். (1, 1)-இல் சரிபாருங்கள்: 2, −1/2. பெருக்கினால் −1.

லைப்னிட்ஸ் ஆங்கிலேயக் கணிதர்களுக்குச் சவாலாக விட்டது இந்த வகைக் கணக்குதான். 1716-இல் நியூட்டன் அதற்கு விடை சொன்னார்.

90 டிகிரி இல்லாமல் வேறு ஒரே கோணத்தில் வெட்டினால்?

ஆதிப்புள்ளி வழியாகப் போகும் எல்லாக் கோடுகளையும் எடுத்துக்கொள்வோம். 90 டிகிரியில் வெட்டினால் வட்டங்கள். 45 டிகிரியில் வெட்டினால் மடக்கைச் சுருள். ஒரு முழுச் சுற்றுக்கு மையத்திலிருந்து தூரம் சுமார் 535 மடங்கு ஆகும்: 1 மில்லிமீட்டரில் தொடங்கினால் ஒரே சுற்றில் அரை மீட்டரைத் தாண்டிவிடும். 80 டிகிரி என்றால் சுற்றுக்கு 3 மடங்குதான். கோணம் 90-ஐ நெருங்கும்போது சுருள் வட்டமாக இறுகுவது எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம்.

இதனால் நடைமுறையில் என்ன பயன்?

தோட்டத்துக் குழாயை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எந்தக் கோணத்தில் பிடித்தாலும் தண்ணீர் ஒரு பரவளையக் கூரையைத் தாண்டாது. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்து, காற்றின் தடையை விட்டுவிட்டால், உச்சி 20 மீட்டர், தரையில் 40 மீட்டர். எல்லாப் பாதைகளின் என்வலப் அதுதான்.

ஒரு குடும்பம் தன்னைத்தானே செங்குத்தாக வெட்டிக்கொள்ள முடியுமா?

முடியும். ஒய்² = 4சி(எக்ஸ் + சி). சி = 1 ஒரு பரவளையம், சி = −1 எதிர்ப்பக்கம் பார்த்த இன்னொன்று; இரண்டுக்கும் குவியம் ஆதிப்புள்ளி. (0, 2)-இல் சாய்வுகள் 1, −1. வரைந்து பாருங்கள், அடுத்த வகுப்புக்குத் தாளைக் கொண்டுவாருங்கள்.